வரத்தில் விட்ட இடைவெளி: மாயக் காவிய வாசகர்கள் ஏன் தியரி கட்டுகிறார்கள்?

பிரம்மனிடம் வரம் கேட்ட தாரிகன் என்ற அசுரன், ஆண்கள் யார் கையாலும் தனக்குச் சாவு வரக்கூடாது என்று கேட்டான். பெண்களைப் பற்றிக் கேட்கவில்லை. பெண்ணுக்குப் பயந்து வரம் வாங்குவது தனக்கு இழுக்கு என்று நினைத்தான். அந்த இடைவெளி வழியாகத்தான் பத்ரகாளி வந்தாள். பாலக்காட்டுப் பக்கம் வேல, பூரம் என்று பகவதி கோயில் விழாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மந்திரமும் கற்பனை உலகமும் கொண்ட பெரிய ஃபேன்டஸி நாவல்களைத்தான் மாயக் காவியம் என்கிறேன். அந்த வகையில் டோல்கியன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் மூன்றாம் தொகுதி 1955-இல் வந்தது. அதில் ஒரு சூனியக்கார அரசன் உண்டு. உயிருள்ள எந்த ஆணும் தன்னைத் தடுக்க முடியாது என்று போர்க்களத்தில் மார்தட்டுகிறான். ஆண்வேடத்தில் வந்த இயோவின் என்ற பெண்ணும், மெர்ரி என்ற ஹாபிட்டும் (ஹாபிட் என்பது அந்தக் கதையின் குள்ள இனம்) சேர்ந்து அவனை முடிக்கிறார்கள். தாரிகன் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர் இந்த இடத்துக்கு வரும்போது, அவன் வாயைத் திறந்த உடனேயே முடிவை ஊகித்துவிடுவார். அந்த ஊகத்தைக் காரணத்தோடு எழுதி வைத்தால் அதற்குப் பெயர்தான் ஃபேன் தியரி.

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று சித்தூர் தாலுகாவின் எல்லையோர ஊர்களில் தமிழில் படித்து, கடைத்தெருவில் மலையாளம் பேசி, புத்தகம் வாங்கப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறுகிற பிள்ளைகள் இந்தத் தடித்தடி ஆங்கில நாவல்களைப் படித்துவிட்டு அடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். யார் வில்லன், எந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது, யாருக்கு யார் மேல் காதல். வீட்டில் பெரியவர்கள் இதை வேலையற்ற வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நூலை வரி வரியாக மதித்துப் படிக்கிறவரால்தான் நல்ல தியரி கட்ட முடியும். இந்த மண்ணில் அதற்குப் பழைய பரம்பரையே இருக்கிறது.

பாரதப்புழைக் கரையோர பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தைச் சொல்கிறேன். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் அறுவடை முடிந்த மாதங்களில் இது நடக்கிறது. கோயிலுக்கு எதிரே தனியாகக் கட்டிய கூத்துமாடம், வெள்ளைத் திரை, அதன் பின்னால் வரிசையாக 21 விளக்குகள். பாடுவது கம்பராமாயணம். தாரிகனோடு போர் செய்துகொண்டிருந்ததால் பத்ரகாளிக்கு ராமராவண யுத்தத்தைப் பார்க்க வாய்க்கவில்லை, அந்தக் குறை தீர அவளுக்காகவே இந்தக் கூத்து என்பது ஐதீகம். அதனால் மனிதர் யாரும் எதிரே உட்கார்ந்திருக்காவிட்டாலும் கூத்து நிற்காது.

ஆள் இல்லாத அந்த ராத்திரிகளில் திரைக்குப் பின்னால் நடப்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். கூத்து நடத்தும் கலைஞரைப் புலவர் என்பார்கள். அவர் கம்பனின் பாட்டைச் சொல்வார், அப்புறம் பொருள் விரிப்பார். இன்னொருவர் இடைமறித்துக் கேள்வி கேட்பார். ஏன் அப்படிச் செய்தான், முன்னே சொன்னதோடு இது ஒத்துவருமா என்று ஒரு பாட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் வாதம் போகும். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் இந்தக் கூத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பார்வையாளர் இல்லாத இடத்தில் கலைஞர்களே தங்களுக்குள் பேசி ஒரு சபையை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் கவனித்த செய்தி. தியரி பேசும் வாசகர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

சரி, மாயக் காவியத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தியரி? துப்பறியும் நாவலில் கொலைகாரன் யார் என்பது கடைசிப் பக்கத்தில் தெரிந்துவிடும், புத்தகமும் அன்று ராத்திரியே முடிந்துவிடும். மாயக் காவியம் பல தொகுதிகளாக வருகிறது. ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆண்டுகள் ஓடுகின்றன. வாசகர் சும்மா இருக்க மாட்டார், திரும்பப் படிப்பார். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஆசிரியர் அங்கங்கே போட்டு வைத்த குறிப்புகள் கண்ணில் படும். அதோடு, அந்த உலகத்தின் விதிகளே ஆசிரியர் இட்டவை. நம் உலகத்தில் யாரும் பறக்க முடியாது என்பதை எவரும் எழுதிவைக்க வேண்டாம். அந்த உலகத்தில் யார் பறக்கலாம், எதைக் கொடுத்துப் பறக்கலாம் என்பதை எழுதியாக வேண்டும். எழுதிய விதி என்றால் அதில் இடைவெளியும் இருக்கும், தாரிகன் வாங்கிய வரத்தில் இருந்த மாதிரி.

மந்திரம், வில்லன், காதல் என்று தியரிகள் மூன்று வகை. அவற்றில் மந்திரத்தைப் பற்றியவைதான் சோதித்துப் பார்க்க எளிதானவை. பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2007-இல் ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு விதியே வகுத்தார். கதையின் சிக்கலை மந்திரத்தால் தீர்க்க வேண்டுமானால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று வாசகருக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அந்தத் தீர்வு எடுபடும் என்றார். அவருடைய நாவல்களில் எந்த உலோகத்தை விழுங்கினால் எந்த ஆற்றல் வரும் என்பது வரை கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வாசகர் அடுத்த தொகுதியின் திருப்பத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கலாம். டோல்கியன் இதற்கு எதிர்த்திசை. மோரியா சுரங்கத்தில் வரும் பால்ராக் என்ற தீப்பூதத்துக்கு இறக்கை உண்டா இல்லையா என்று வாசகர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். முதலில் அதைச் சுற்றிய நிழல் இரண்டு பெரிய இறக்கைகள் போல விரிந்தது என்று எழுதுகிறார். கொஞ்சம் தள்ளி, 'போல' இல்லாமல், இறக்கைகள் சுவரிலிருந்து சுவர் வரை விரிந்தன என்கிறார். உவமை தொடர்கிறது என்பவர் ஒரு கட்சி, உண்மையான இறக்கைதான் என்பவர் இன்னொரு கட்சி. உவமையும் உருவகமும் படித்த தமிழ் வாசகருக்கு முதல் கட்சி நியாயமாகப் படும் என்று நினைக்கிறேன். உருவகத்துக்கு மாறிய பிறகு 'போல' தேவையில்லையே.

நம் பக்கத்து உதாரணம் இதைவிட அழகு. வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிக்கொண்டு போகிறான். ஆனால் விருப்பமில்லாத பெண்ணை வலிந்து அடைந்தால் அவன் தலை சிதறும் என்ற சாபமும் அதே கதையில் வருகிறது. கம்பர் இந்தச் சாபத்தைத் தீண்டுவதற்கே ஆன தடையாக எடுத்துக்கொள்கிறார். அப்படி எடுத்துக்கொண்டால் ராவணன் எப்படித் தூக்கினான்? தூக்கவே இல்லை, பிரம்மனின் வாக்கை நினைத்து அவளைத் தொடாமல், பர்ணசாலையோடு அந்த நிலத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனான் என்கிறார் கம்பர். அதோடு விட்டாரா? இல்லை. லங்கையிலிருந்து திரும்பிய அனுமன் ராமனிடம், உன் தம்பி புல்லால் கட்டிய அதே சாலையில்தான் அவள் இருக்கிறாள் என்று சொல்கிறான். ஆரணிய காண்டத்தில் மாற்றிய விதியின் விளைவு சுந்தர காண்டத்தில் வந்து சேர்கிறது. ராமனுக்கு அந்த நேரத்தில் வேண்டிய ஆறுதலும் அந்தக் குடிசைதான். ஒரு விதியைத் தொட்டால் அதன் விளைவுகளைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எந்த ஆங்கில நாவலிலும் நான் படித்ததில்லை.

வில்லனுக்கு வருவோம். இங்கேதான் தியரியின் உண்மையான ருசி இருக்கிறது.

ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' 14 தொகுதிகள் கொண்ட தொடர். முதல் தொகுதி 1990-இல் வந்தது. இருளின் தலைவனுக்கு விலைபோன 13 மந்திரவாதிகள் அதில் பெரிய வில்லன்கள். அவர்களில் ஒருவனான அஸ்மோடியன், நாயகன் ராண்டிடம் மாட்டிக்கொண்டு அவனுக்கே ஆசிரியனாக இருக்க வேண்டி வருகிறது. 1993-இல் வந்த ஐந்தாம் தொகுதியின் கடைசியில் அவன் ஒரு கதவைத் திறக்கிறான். உள்ளே யாரையோ பார்த்து, நீயா, வேண்டாம் என்கிற மாதிரி அலறுகிறான். செத்துப்போகிறான். யார் கொன்றது என்று ஆசிரியர் சொல்லவில்லை. பிறகு வாசகர்கள் கேட்டபோதெல்லாம், அதுதான் தெளிவாகத் தெரிகிறதே என்ற வகையில் பதில் சொன்னார்.

தெளிவாகத் தெரிகிறதா? வாசகர்கள் விசாரணையே நடத்தினார்கள். அன்று அந்த ஊரில் யார் யார் இருந்திருக்க முடியும், அஸ்மோடியனுக்கு முகம் தெரிந்தவர் யார், அவனை எதிரே கண்ட உடனே யோசிக்காமல் கொல்லக் காரணம் உள்ளவர் யார், சாவுக்குப் பிறகு அதைப் பற்றி யார் எப்படிப் பேசினார்கள். வில்லன்களின் உரையாடல்களைப் பிரித்துப் போட்டு, எவருக்கு அவன் இறந்தது தெரியும், எவருக்குத் தெரியாது என்று கழித்துக்கொண்டே வந்தார்கள். ஜோர்டன் 2007-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துத் தொடரை முடித்தவர் மேலே சொன்ன சாண்டர்சன்தான். பதில் 2010-இல் 13-ஆம் தொகுதியில் கிடைத்தது. கொன்றவள் அந்த 13 பேரில் ஒருத்தியான கிரெண்டால். 17 ஆண்டு காத்திருந்த பதில், கதைக்குள் வராமல் நூலின் பின்னால் இருக்கும் சொல்லடைவில் ஒரு வரியாக வந்தது. இத்தனை பேர் உழைத்துத் தேடிய கேள்விக்கு ஒரு காட்சியாவது கொடுத்திருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு.

அதே தொடரில் இன்னொரு தியரி இருக்கிறது. நான் மிகவும் மதிப்பது அதைத்தான், ஆனால் அது பொய்த்துப்போனது. 1994-இல் வந்த ஆறாம் தொகுதியில் மாஸ்ரிம் டைம் என்பவன் நாயகனிடம் வந்து சேர்கிறான். உதவி செய்கிறான், ஆனால் பேச்சில் ஒரு பொறாமை. பழங்காலத்து வில்லன்கள் மட்டும் பேசும் தோரணையில் ஒரு சொற்றொடர் அவன் வாயிலும் வருகிறது. இன்னொரு பக்கம், அந்தத் தொகுதி தொடங்கும்போது டெமாண்ட்ரெட் என்ற பெரிய வில்லனுக்கு ஒரு கட்டளை கிடைக்கிறது. தொகுதி முடியும்போது, டைம் போர்க்களத்தில் நாயகனை மீட்டு முடித்த கையோடு, டெமாண்ட்ரெட் தன் தலைவனிடம், நான் நன்றாகச் செய்யவில்லையா என்று கேட்கிறான். இரண்டையும் ஒட்டிப் பார்த்த வாசகர்கள், டைம் வேறு யாருமில்லை, வேடமிட்ட டெமாண்ட்ரெட்தான் என்று முடிவு கட்டினார்கள். ஜோர்டன் மறுத்தார். 2013-இல் வந்த கடைசித் தொகுதியில் டெமாண்ட்ரெட் தூரதேசத்திலிருந்து ஒரு படையோடு வந்து இறங்கினான். டைம் வேறு ஆள் என்பது உறுதியானது. ஆனால் டைமும் இருளின் பக்கத்து ஆள்தான். சந்தேகத்தில் பாதி பலித்தது.

இதைத் தவறான தியரி என்று தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. நூலில் இருந்த ஒவ்வொரு குறிப்பையும் அது எடுத்துக்கொண்டது. எதையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. ஆறாம் தொகுதியை இன்று படித்தாலும் அந்தத் தியரி கையில் இருந்தால் ஒவ்வொரு வாக்கியமும் கனமாகிறது. இதற்கு நேர்மாறாக, ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் கதையில் பள்ளித் தலைவரான கிழவர் டம்பிள்டோர் என்பவர், காலத்தில் பின்னோக்கிப் போன நாயகனின் நண்பன் ரான்தான் என்று ஒரு தியரி உலவியது. சதுரங்க ஆட்டத்தில் ரான் குதிரையாக நின்ற காட்சியிலிருந்து கிளம்பி எங்கெங்கோ போகும். ரௌலிங் மறுத்தார். அவர் மறுக்காவிட்டாலும் அது நிற்காது. ஏனென்றால் அதை நம்பினால் கதையில் எந்த இடமும் ஆழமாவதில்லை, சாமர்த்தியம் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே ஒரு தியரி பலித்ததா என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். அதை வைத்துக்கொண்டு திரும்பப் படித்தால் நூல் பெரிதாகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அதே ஹாரி பாட்டரில் வரும் ஆசிரியன் ஸ்னேப்பின் விவகாரம் எல்லோருக்கும் தெரிந்தது. 2005-இல் வந்த ஆறாம் தொகுதியில் டம்பிள்டோரைக் கொன்றவன், 2007-இல் வந்த ஏழாம் தொகுதியில் அவருடைய கட்டளைப்படியே அதைச் செய்தவன் என்று தெரிந்தது. இடையில் இருந்த இரண்டு ஆண்டும், கொல்லப்படுமுன் கிழவர் கெஞ்சியது எதற்காக என்ற ஒரே இடத்தை வைத்து வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். உயிருக்காகக் கெஞ்சினாரா, சொன்னதைச் செய் என்று கெஞ்சினாரா? இரண்டாவதைச் சொன்னவர்கள் ஜெயித்தார்கள்.

வில்லனுக்கு ஏன் இத்தனை கவனம் என்றால், அவனுடைய காரணம் வாசகருக்கு வேண்டியிருக்கிறது. இந்தப் பசிக்குத் தோல்பாவைக்கூத்துப் புலவர்கள் பல தலைமுறைக்கு முன்பே சோறு போட்டிருக்கிறார்கள். கம்பனில் சூர்ப்பணகை காட்டுக்குள் வருவது ராமன் மேல் கொண்ட ஆசையோடுதான் தொடங்குகிறது. கூத்தில் அதற்கு முன்னால் சம்புகுமாரன் கதை வைக்கிறார்கள். அவன் சூர்ப்பணகையின் மகன், காட்டில் தவம் செய்துகொண்டிருந்தவன். அவன் இருப்பது தெரியாமல் லட்சுமணன் வெட்டிவிடுகிறான். வால்மீகியிலும் இது இல்லை, கம்பனிலும் இல்லை. சமண ராமாயணங்களிலும் தெலுங்கு ரங்கநாத ராமாயணத்திலும் இந்தச் சம்பவம் உண்டு. கம்பன் பாட்டையே மூச்சாகக் கொண்ட புலவர்கள், கம்பன் சொல்லாத இதை எடுத்து உள்ளே வைத்தார்கள். அதன் பிறகு சூர்ப்பணகையின் மூக்கு அறுபடும் காட்சியைப் பார்க்கிறவர் மகனை இழந்த ஒரு தாயைப் பார்க்கிறார். லட்சுமணனும் முன்போல எளிதாகத் தப்ப முடியாது. வில்லனுக்குக் காரணம் கொடுத்தால் நாயகன் மேல் கேள்வி விழும். இதைத் தெரிந்தே செய்தவர்கள் அவர்கள் என்று நினைக்கிறேன்.

உறவுகளைப் பற்றிய தியரிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. விருப்பம் முந்திக்கொண்டு சாட்சி பின்னால் வரும் இடம் இது. ஹாரிக்கும் அவனுடைய தோழி ஹெர்மயனிக்கும்தான் ஜோடி என்று ஒரு பெரிய கூட்டம் வருஷக்கணக்காக வாதாடியது. கதை ரானுக்கும் ஹெர்மயனிக்கும் முடிச்சுப் போட்டது. 2014-இல் ஒரு பேட்டியில் ரௌலிங்கே, அந்த ஜோடியைத் தன் சொந்த ஆசைக்காக எழுதிவிட்டேன் என்ற பொருளில் பேசினார். பழைய கட்சியினர் நாங்கள் சொன்னது சரிதானே என்று கொண்டாடினார்கள். ஆசிரியர் பிறகு என்ன சொன்னாலும் ஏழு தொகுதிகளில் அச்சாகியிருப்பது மாறாது. அந்த வரிகளில் ரானும் ஹெர்மயனியும் சண்டை போட்டுக்கொண்டே நெருங்குவது தொடக்கத்திலிருந்தே தெரிகிறது.

ஆனால் காதலைப் பற்றிய தியரி சாட்சியோடு நின்ற இடமும் ஒன்று உண்டு. ஜார்ஜ் மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996-இல் வந்தது. அதில் ஜான் ஸ்நோ, நெட் ஸ்டார்க்கின் முறைகேடாகப் பிறந்த மகன் என்று எல்லோரும் நம்புகிறார்கள். வாசகர்கள் நம்பவில்லை. சாகும் தறுவாயில் லியானா தன் அண்ணன் நெட்டிடம் ஒரு வாக்கு வாங்குகிறாள், என்ன வாக்கு என்று நூல் சொல்வதில்லை. நீல ரோஜாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அரச குடும்பத்தைக் காக்க வேண்டிய மூன்று பெரிய வீரர்கள் போர்க்களத்தை விட்டுவிட்டு ஒரு தனிக் கோபுரத்தின் வாசலில் நிற்கிறார்கள். அங்கே காக்க என்ன இருந்தது? ஒரு குழந்தை என்றால் எல்லாம் பொருந்துகிறது. லியானாவுக்கும் இளவரசன் ரேகருக்கும் பிறந்தவன்தான் ஜான் என்றார்கள். இந்த நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்க வந்த இருவரிடம் மார்ட்டின் கேட்ட கேள்வியே ஜானின் தாய் யார் என்பதுதான். அவர்கள் சரியாகச் சொன்னார்கள். 2016-இல் தொடர் அதைக் காட்டியும் விட்டது. நாவல் வரிசையில் கடைசியாக வந்தது 2011-இன் தொகுதி, அதுவரை அச்சில் உறுதியாகவில்லை. புத்தகத்தை மட்டும் படிப்பவருக்கு இது இன்னும் தியரிதான்.

தமிழில் இதே வகைக்கு என்னிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. வில்லிபாரதத்தில் பழம் பொருந்து சருக்கம் என்று ஒரு பகுதி. முனிவர் ஒருவருக்குரிய நெல்லிக்கனியைத் தெரியாமல் வீழ்த்திவிடுகிறார்கள். பாண்டவர் ஐவரும் திரௌபதியும் மனதில் உள்ள உண்மையைச் சொன்னால் கனி மறுபடி கிளையில் போய்ச் சேரும். திரௌபதி தன் முறை வந்தபோது, ஐம்புலன்கள் போல ஐந்து பேர் கணவராக இருந்தும் வேறொருவனும் கணவனாக வேண்டும் என்று என் நெஞ்சு உருகுகிறது என்கிறாள். கனி சேர்கிறது. ஆகவே சொன்னது பொய்யில்லை. யார் அந்த வேறொருவன் என்று வில்லிபுத்தூரார் சொல்லவில்லை.

கேட்டவர்களும் கதை சொல்கிறவர்களும் அந்த இடத்தில் கர்ணன் பெயரைப் போட்டார்கள். இதில் கணக்கு இருக்கிறது. கணவர்கள் ஐவரும் குந்தியின் மக்களாக வளர்ந்தவர்கள். குந்திக்கு ஆறாவதாக, உலகத்துக்குத் தெரியாமல் மூத்தவன் ஒருவன் உண்டு. அது திரௌபதிக்குத் தெரியாது, கேட்கிறவர்களுக்குத் தெரியும். அவளுடைய நெஞ்சு தன்னையறியாமல் ஆறாமவனைத் தேடுகிறது என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பாட்டு பாரதம் முழுவதையும் தொடுகிறது. தியரிக்கு நான் வைக்கும் முதல் கேள்வியில் இது நன்றாகவே தேறுகிறது. எதிர்க்கட்சியும் பலமானதுதான். வியாசபாரதத்தில் சூதாட்ட மண்டபத்தில் திரௌபதியின் ஆடையைப் பறிக்கச் சொன்னவனே கர்ணன். காட்டுக்கு வந்த பிறகு சொல்லப்படும் உண்மை இது, அந்த அவமானம் நடந்து முடிந்துவிட்டது. அதைக் கேட்ட காதோடு அவள் அவனுக்காக உருகுவாளா என்று கேட்பவர்களுக்கு, கர்ணன் கட்சியில் நிற்கும் எவரும் எனக்குத் திருப்தியாக இன்னும் பதில் சொல்லவில்லை.